அப்பாவுக்குக் கட்டம் இல்லாத படிவம்

1

போன மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில், நான் ஓர் இயந்திரம் என்று தீர்மானிக்கப்பட்டேன். திருகோணமலையில் என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர்கள் இதை வாசித்தால், "அது எங்களுக்கு அப்பவே தெரியும்" என்பார்கள். சொல்லட்டும். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

இங்கே எனக்குத் துறைமுகத்தில் வேலை. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். கொள்கலன் ஏற்றிய லொறி வாசலில் வந்து நிற்கும். சாரதி ஓர் இலக்கம் சொல்வார். நான் திரையில் ஒரு கட்டத்தில் சரி போடுவேன். தடைக்கம்பம் மேலே போகும். லொறி உள்ளே போகும். பன்னிரண்டு வருடமாக இதுதான். ஊரில் அரசாங்கக் கந்தோரில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் கிளாக்கராக இருந்தவன், இங்கே சரி போடுகிறேன்.

அந்த வாரத்துத் திங்கட்கிழமை மூடுபனி. லொறிகள் குறைவு. போனில் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. தங்கள் மகள் அபிநயா பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்குச் சமர்ப்பித்த கட்டுரை, செயற்கை நுண்ணறிவுக் கருவியால் எழுதப்பட்டிருக்கலாம் என நம்ப இடமுண்டு, வியாழக்கிழமை மூன்று மணிக்கு மகளுடன் வந்து சந்திக்கவும் என்று இருந்தது.

கிளாக்கர் புத்தி எங்கே போகும்? முதலில் நான் அந்தக் கடிதத்தை ரசித்தேன். "நம்ப இடமுண்டு" என்பது எவ்வளவு நல்ல வசனம்! குற்றம் சாட்டியதாகவும் இல்லை, சாட்டாமல் விட்டதாகவும் இல்லை. கைதேர்ந்த ஆள் எழுதியிருக்கிறார் என்று தலையாட்டினேன். இரண்டாம் தடவை வாசித்துவிட்டுத்தான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏனென்றால் அந்தக் கட்டுரையை எந்தக் கருவியும் தொடவில்லை. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் எழுதியது நான்.

2

அது நடந்த விதம் இதுதான். "உங்கள் குடும்பம் வந்த இடம்" என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அபி எழுதிவிட்டாள். முந்தின வாரத்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீச்சல் பயிற்சிக்குப் போகும் அவசரத்தில், குசினி மேசையில் கணினியைத் திறந்து வைத்துவிட்டு, "அப்பா, ஊர்ப் பெயர்கள் சரியா என்று மட்டும் பாருங்கோ" என்றாள். மட்டும் என்றுதான் சொன்னாள். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. நிற்கவில்லை.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு தடவை எல்லோருமாகத் திருகோணமலைக்குப் போனோம். லிங்கநகரில் என் தங்கச்சி வசந்தியின் வீட்டில் நின்றோம். அபி கட்டுரையில் எழுதியிருந்தது கோயிலையோ கடலையோ பற்றியல்ல, ஒரு மானைப் பற்றி. நம் ஊரில் மான் கடைவாசலில் படுத்திருக்கும், பஸ்ஸுக்கு வழிவிடாது, யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். இவள் தெருவோரத்தில் இருந்து ஒரு மானைக் கொப்பியில் வரைந்துகொண்டிருந்தாள். அந்த மான் எழும்பி வந்து, கொப்பியிலிருந்த மானைத் தின்றுவிட்டது. அரைப் பக்கம் போய்விட்டது. இதைத்தான் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. உலகத்துக்கு நம் ஊரைச் சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தில் கடுதாசி தின்னும் மானா? கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றான திருகோணமலை" என்று தொடங்கினேன். மூவின மக்களும் ஒற்றுமையாக வாழும், இயற்கை அன்னையின் அருட்கொடையான, வரலாற்றுச் சிறப்புமிக்க என்றெல்லாம் ஆங்கிலத்தில் வந்து விழுந்தது. "மேலும்" வந்தது, "அதுமட்டுமன்றி" வந்தது, கடைசியில் "எனவே" வந்தது. ஊரில் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் ஆட்கள் தேடிவந்து என்னிடம் ஆங்கில விண்ணப்பம் எழுதுவித்த காலம் ஒன்று இருந்தது. இங்கே என் எழுத்துக்கு ஆளில்லை. அன்றைக்குக் கிடைத்தது. வாயைக் குவித்துச் சீக்காய் அடித்துக்கொண்டு எழுதினேன் என்று என் மனைவி கலா பிறகு சொன்னாள்.

அபி வந்து பார்த்தாள். சமர்ப்பிக்க இருபது நிமிடம்தான் இருந்தது. வாசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே அனுப்பிவிட்டாள்.

3

நான் செய்தது பிழை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை. அதைச் சொன்னால்தான் உண்மையாக இருக்கும். நாங்கள் வளர்ந்த விதம் அப்படி.

பேச்சுப்போட்டி ஞாபகமிருக்கிறதா? பேச்சை எழுதுவது ரீச்சர். பாடமாக்குவது பிள்ளை. கைதட்டு வாங்குவது பள்ளிக்கூடம். இதில் யாருக்கும் ஒளிவுமறைவு கிடையாது. நான் எட்டாம் வகுப்பில் "கடல் வளம்" பற்றிப் பேசப் போனேன். ரீச்சர் நாலு பக்கம் எழுதித் தந்திருந்தார். இரண்டு கிழமை பாலையூற்றில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தேன். பக்கத்து வீட்டு ஆட்கள்கூடப் பாதியைப் பாடமாக்கிவிட்டார்கள்.

போட்டியன்று மேடையில் ஏறி முழங்கினேன். "பொங்கிவரும் கடலே! இங்கே வலது கையை உயர்த்தவும்! உன் வளத்தை நான் எங்ஙனம் உரைப்பேன்!"

ரீச்சர் வரிகளுக்கு நடுவில் எனக்கு எழுதி வைத்த குறிப்பு அது. நான் அதையும் சேர்த்துப் பாடமாக்கியிருக்கிறேன். சொல்லிவிட்டு வலது கையை உயர்த்தவும் செய்தேன். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த வசந்திக்குச் சிரிப்பில் விக்கல் எடுத்தது. ஆனால் கேளுங்கள், எனக்கு இரண்டாம் பரிசு. நடுவர்களும் ரீச்சர்மார்தானே. அவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு இப்படித்தான் எழுதிக்கொடுத்திருப்பார்கள். குரல்வளம் நன்று என்று புள்ளி போட்டார்கள்.

4

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் கலா கேட்டாள்.

"என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?"

போனைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "இயந்திரமா? நல்ல பகிடி. இயந்திரம் எண்டால் சொன்ன வேலையை மட்டும் செய்திருக்குமே" என்றாள்.

அபியின் அறைக் கதவைத் தட்டினேன். அவள் நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. கோபம் வந்தால்தான் தமிழ் வரும். அன்றைக்குத் தமிழ் வந்தது.

"அப்பா, மிஸ் என்னை வகுப்பில கூப்பிட்டுக் கேட்டவா. இது நீ எழுதினதா எண்டு. நான் ஒண்டும் சொல்லேல்லை."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல?"

பிறகு ஆங்கிலத்துக்கு மாறி மிச்சத்தைச் சொன்னாள். குற்றம் உறுதியானால் கட்டுரைக்குப் பூச்சியம். அவளுடைய கோப்பில் ஒரு கடிதம் ஏறும். அடுத்த வருடம் பள்ளிச் சஞ்சிகைக்கு ஆசிரியராக இவளைப் போடலாம் என்று அந்த ஆங்கில ஆசிரியை, மிஸ் டோனலி, ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். பொய் எழுதினவள் என்று பெயர் எடுத்தால் அது கிடையாது. இரண்டு வருடமாக அதற்காகத்தான் இந்தப் பிள்ளை மதிய இடைவேளையில்கூட எழுதிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெட்கமாக இருந்தது.

5

மறுநாள் வேலைக்குப் போகுமுன் வசந்திக்குப் போன் எடுத்து, நடந்ததைச் சொன்னேன். எனக்குக் காலை என்றால் அவளுக்குப் பின்னேரம். அவள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறாள். பள்ளிக்கூடம் முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ.ஐ.யா? அண்ணா, அதை என்னட்டைக் கேளுங்கோ. நான் போன தவணை 'எங்கள் துறைமுகம்' எண்டு கட்டுரை குடுத்தனான். நாற்பது பிள்ளையள். பதினைஞ்சு பேருக்கு மேல முதல் வசனம் ஒண்டுதான். என்னண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

"என்னண்டு?"

"உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றான..."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அண்ணா? லைன்ல இருக்கிறீங்களோ?"

"ஓம், இருக்கிறன். நானும் அப்பிடித்தான் தொடங்கினனான்."

அந்தப் பக்கத்தில் தேத்தண்ணி புரைக்கேறி இருமும் சத்தம் கேட்டது. சிரித்து முடிய அவளுக்கு நேரம் எடுத்தது. பிறகு இன்னொன்று சொன்னாள். ஒரு பிள்ளை போனில் வந்ததைப் பார்த்து, முத்துமுத்தான கையெழுத்தில், ஓரக்கோடு கீறி, தலைப்புக்குக் கீழே இப்படித் தொடங்கியிருந்ததாம்: "நிச்சயமாக! நீங்கள் கேட்ட கட்டுரை இதோ."

"அதை வாசிச்ச உடனை எனக்கு உங்கட வலது கைதான் ஞாபகம் வந்தது அண்ணா. அந்தப் பிள்ளையை ஏசவே ஏலாமல் போச்சு. இவ்வளவு வருசமா நாங்கள் எழுதிக் குடுத்ததைத்தானே அதுகள் சொன்னதுகள். இப்ப போன் எழுதிக் குடுக்குது. என்னத்தை வித்தியாசமெண்டு நான் ஏசுறது?"

"அப்ப என்ன செய்தனீ?"

அவர்கள் பள்ளிக்கூடத்து அதிபர் போனைத் தடைசெய்யச் சொன்னாராம். போன் பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டில்தானே இருக்கிறது. தடை வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. ஆகவே வசந்தி இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, கேள்வியை மாற்றினாள். துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டு, அந்தப் பதிலிலிருந்து கட்டுரை எழுத வேண்டும். ஒரு பிள்ளை துறைமுகத்தில் வேலை செய்யும் தன் தகப்பனிடமே கேட்டிருக்கிறாள். கப்பல் வெளிக்கிட்டுப் போன பிறகு நீங்கள் என்ன செய்வீங்கள் அப்பா? "சோறு சாப்பிடுவன்" என்றாராம் அவர். அந்தப் பிள்ளை அதை அப்படியே எழுதி, தகப்பன் என்ன சோறு, எங்கே இருந்து, யாரோடு சாப்பிடுவார் என்று விசாரித்து மூன்று பக்கம் எழுதியிருந்தாள்.

"இரண்டாவது?"

"கட்டுரைக்கு அடியில ஒரு வரி போடவேணும் எண்டு சொன்னனான். 'உதவியவர்' எண்டு. ஆர் உதவினது, எவ்வளவு உதவினது. அம்மாவோ, ரியூசன் சேரோ, போனோ, ஆரெண்டாலும் எழுதலாம். எழுதினால் ஏச்சு இல்லை. எழுதாமல் விட்டால்தான் என்னோட கதைக்க வேண்டிவரும். முதல் கிழமை எல்லாரும் 'ஒருவருமில்லை' எண்டு போட்டுதுகள். எல்லாம் சுத்த வீரர்! மூண்டாம் கிழமைதான் ஒரு பெடியன் 'போன், அக்கா, பிறகு திரும்பவும் போன்' எண்டு எழுதினான். நான் அவனுக்குக் கைதட்டினனான்."

"நாற்பது பேரோடயும் கதைக்க நேரம் எங்க இருக்கு உனக்கு?"

"இல்லைத்தான். ஒரு நாளைக்கு மூண்டு பேர். ஆருடைய முறை எண்டு அதுகளுக்குத் தெரியாது. அது காணும்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அண்ணா, பகிடியை விடுங்கோ. வியாழக்கிழமை நீங்கள் போய் உண்மையைச் சொல்லுறீங்கள். பிள்ளை உங்களுக்காக வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள், விளங்குதே?" என்றாள்.

விளங்கியது. ஆனால் உண்மையைச் சொன்னாலும் அபி தப்பமாட்டாள் என்பதும் விளங்கியது. இயந்திரம் எழுதினாலும் அவள் எழுதவில்லை, அப்பா எழுதினாலும் அவள் எழுதவில்லை.

6

வியாழக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அபி என் பக்கத்தில் நடந்தாலும் என்னோடு வரவில்லை. அறையில் உப அதிபரும் மிஸ் டோனலியும் இருந்தார்கள். மிஸ் டோனலி இளம் வயது. சட்டைக் கையில் பேனை மை. எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது.

உப அதிபர் ஒரு படிவத்தை நீட்டினார். படிவம் என்றால் எனக்கு ஒரு பற்று. எடுத்து ஆற அமரப் படித்தேன். மூன்று கட்டம். கருவி முழுமையாகப் பயன்படுத்தப்பட்டது. கருவி பகுதியாகப் பயன்படுத்தப்பட்டது. பயன்படுத்தப்படவில்லை, இது முழுவதும் மாணவரின் சொந்த ஆக்கம். மூன்றில் எதற்குச் சரி போட்டாலும் பொய். நான் சரி போட்டே சம்பளம் வாங்குகிறவன், என் கை முதல் தடவையாக நின்றது.

"இதில் அப்பாவுக்குக் கட்டம் இல்லை" என்றேன் ஆங்கிலத்தில்.

"மன்னிக்கவும்?"

"எழுதியது நான். அதற்கு இடம் விடவில்லை. எங்கள் நாட்டில் எவ்வளவு மோசமான படிவத்திலும் கடைசியில் 'வேறு' என்று ஒரு கோடு இருக்கும்."

அபி தலையைக் குனிந்துகொண்டாள். உப அதிபர் நம்பவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற எந்தத் தகப்பனும் இப்படிச் சொல்லலாம்தானே. வெறும் தாள் ஒன்றைத் தந்து, நடந்ததை எழுதி ஒப்பமிடச் சொன்னார். நான் பேனையை எடுத்தேன். ஊரை விட்டு வந்து பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒருவர் என்னிடம் கடிதம் கேட்கிறார்! நிலைமை மறந்துபோய்விட்டது. "மேற்படி விடயம் தொடர்பாக, கீழே ஒப்பமிடும் நான், மிகுந்த மனவருத்தத்துடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்" என்று ஆங்கிலத்தில் ஓடியது. "மேலும்" வந்தது. "அதுமட்டுமன்றி" வந்தது.

மிஸ் டோனலி மூன்று வரி வாசித்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்த முடியவில்லை.

"இது அவர்தான். இரண்டையும் எழுதியது ஒரே ஆள்" என்றார்.

உப அதிபர் ஒழுங்கான மனிதர். என் கடிதத்தைக் கணினியில் தட்டி, அவர்கள் வைத்திருக்கும் சோதிக்கும் மென்பொருளில் போட்டார். முழுக்க முழுக்க இயந்திரம் எழுதியது என்று அது சிவப்பில் தீர்ப்புச் சொன்னது. அவர் திரையைப் பார்த்தார். என் கையிலிருந்த பேனையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்தத் திரையை மெதுவாக மடித்து வைத்தார். அதன்பிறகு அன்றைக்கு அதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

எனக்குள்ளே ஒரு சின்னக் கவலை. கந்தோரில் பெரிய கிளாக்கர் மெச்சிய என் ஆங்கிலம், எந்த மனிதனும் எழுதாத ஆங்கிலமா? இருக்கலாம். பெயர், ஊர், முகம் எதுவும் தெரியாமல் எழுதத்தானே என்னைப் பழக்கினார்கள். அதற்குத்தானே சம்பளமும் தந்தார்கள்.

மிஸ் டோனலி சிரிப்பை நிறுத்திவிட்டு அபியிடம் கேட்டார். "நீ ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

அபி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அதை எழுதும்போது அப்பா அவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கிறார். நான் வந்து பார்த்தேன், முகமே வேறு மாதிரி இருந்தது. வாசலில் சரி போட்டுவிட்டு வருகிற அப்பா மாதிரி இல்லை."

நான் கோட்டுப் பொத்தானைப் போட்டேன், கழற்றினேன்.

"நீ முதலில் எழுதியது இருக்கிறதா?" என்று கேட்டார் மிஸ் டோனலி. இருந்தது, போனில். வாங்கி வாசித்தார். மான் கொப்பியைத் தின்ற இடத்தில் சத்தமாகச் சிரித்தார். கடைசிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அந்தக் கடைசிப் பகுதியை வாய்விட்டு வாசித்தார்.

இனி மறைத்துப் பயனில்லை, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மான் ஊருக்கு மரியாதைக் குறைவு என்று நான் மேலே சொன்னது பாதி உண்மை. மிச்சப் பாதி அந்தக் கடைசிப் பகுதியில் இருந்தது. மான் கொப்பியைத் தின்றபோது நான் ஓடிப்போய் அதைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன், ஆங்கிலத்தில். கடைவாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வசந்தி சொன்னாள், "மானுக்கு இங்கிலீஷ் விளங்காது அண்ணா." நானும் சிரித்தேன். அபி எழுதியிருந்தாள்: "எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் கடைசியாகச் சிரித்தார். இது அப்பாவின் ஊர் என்றுதான் என்னைக் கூட்டிவந்தார்கள். அன்றைக்கு அங்கே நாங்கள் இரண்டு பேருமே விருந்தாளிகள்."

ஒன்பது வயதில் பார்த்திருக்கிறது இந்தப் பிள்ளை. அந்த வரியில்தான் நான் கதிரையை இழுத்துப் போட்டேன். துறைமுகத்தைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்து மூடினேன்.

7

பள்ளிக்கூடங்கள் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது எல்லா இடத்திலும் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நான் குற்றவாளிப் பக்கத்தில் இருந்தவன். கண்டுபிடிக்கும் கருவியை நம்பினால் என்னைப் போன்ற அப்பாவிகளைத்தான் அது பிடிக்கும். அப்பாவி என்பது அளவுக்கு மீறிய சொல்தான், விடுங்கள். தடை போட்டால் பிள்ளை ஒளிக்கப் பழகும். ஒன்றும் செய்யாமல் விட்டால், எங்களுக்கு ரீச்சர் எழுதித் தந்ததுபோல இவர்களுக்குப் போன் எழுதித் தரும், வலது கையை உயர்த்திக்கொண்டே பெரியவர்களாகி விடுவார்கள். என்னைப் பாருங்கள்.

அந்த அறையில் நான் வசந்தியின் 'உதவியவர்' வரியைப் பற்றிச் சொன்னேன். திருகோணமலையில் என் தங்கச்சி நாற்பது பிள்ளைகளோடு இப்படிச் செய்கிறாள் என்று விவரித்தபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். இருக்கட்டுமே. இந்த நாட்டுக்கு நாங்கள் எவ்வளவோ படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம், ஒரு வரி கொடுக்கக் கூடாதா? உப அதிபர், வசந்தியின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மிஸ் டோனலி தீர்ப்புச் சொன்னார். நான் எழுதிய கட்டுரைக்குப் பூச்சியம். அதில் மாற்றமில்லை. எனக்குச் சுருக்கென்றது, அவ்வளவு மோசமா என்று கேட்கவும் வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அபி திரும்பவும் எழுதலாம். வகுப்பில் காவல் போட்டு அல்ல, வீட்டிலேயே. யாரிடமும் உதவி கேட்கலாம், கருவியிடமும் கேட்கலாம். அடியில் அந்த வரி இருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் அவரோடு இருந்து கட்டுரையைப் பற்றிக் கதைக்க வேண்டும். கோப்பில் கடிதம் ஏறாது. சஞ்சிகை விடயம் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு.

8

சனிக்கிழமை காலை அபி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். கதவு அரைச்சாண் திறந்தது, கை வந்தது, கோப்பையை வாங்கியது, கதவு மூடியது. நான் வெளியே நின்றேன்.

"வந்து மரக்கறி வெட்டுங்கோ" என்றாள் கலா குசினிக்குள்ளிருந்து. "அங்க நிண்டு கதவை என்னத்துக்குக் காவல் காக்கிறீங்கள்?"

"சும்மாதான் நிக்கிறன்."

"உங்களுக்குச் சும்மா நிக்கத் தெரியாது. அதுதானே இவ்வளவும்."

உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்டது, நின்றது, திரும்பவும் கேட்டது. "எனவே" போட்டு முடிக்காதே பிள்ளை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா! அந்த மானுக்கு நீங்கள் என்ன சொல்லிக் கத்தினீங்கள்? எனக்கு ஞாபகம் வருதில்லை."

எனக்கு ஞாபகமிருந்தது. நன்றாகவே இருந்தது. கலா வெட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். கதவோடு வாயை வைத்துச் சொன்னேன்.

"எக்ஸ்கியூஸ் மீ."

உள்ளே அபி சிரித்த சிரிப்பில் கலாவும் கத்தியை வைத்துவிட்டாள். நானும் சிரித்தேன். இந்தத் தடவை கடைசி ஆளாக இல்லை.

அடுத்த கிழமை பத்து நிமிடம் என்றது அரை மணித்தியாலமாகிவிட்டதாம். மிஸ் டோனலி மானைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டாராம், நான் கண்ணாடி போட்டிருந்தேனா என்பது வரைக்கும். சஞ்சிகைக்கு அபியின் பெயர் போயிருக்கிறது. கட்டுரையை அவள் எனக்கு வாசிக்கத் தந்தாள். விருந்தாளிகள் என்ற அந்த வரி இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தின் அடியில், ஆங்கிலத்தில், இப்படி எழுதியிருந்தாள்:

"உதவியவர்: அப்பா. முதல் தடவை முழுவதையும் எழுதினார். இரண்டாம் தடவை இரண்டு சொல் தந்தார், தேத்தண்ணி தந்தார், மற்ற நேரம் முழுவதும் கதவுக்கு வெளியே நின்றார்."

ஆயிரம் பேருக்குக் கடிதம் எழுதியவன் நான். என்னைப் பற்றி ஒருவர் எழுதியதை நான் திருத்தாமல் வாசித்தது இதுதான் முதல் தடவை.